“சுட்ட கையால் திருவிருந்து கொடுக்கலாமா?”

திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு வயது, இடங்கள், உறவுமுறைகள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் யாராவது இதை வாசித்தால், இது நம் பிள்ளையைப் பற்றியதோ என்று தயவுசெய்து மனத்தை அலைக்கழிக்க வேண்டாம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் உள்ளபடி இங்கே இல்லை.

கடிதம் எழுதியவர் நாற்பதுகளில் இருக்கும் மேசன். பதினேழு வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் களத்தில் நின்றவர். போர் முடிந்த 2009 மே மாதம் சரணடைந்து, அரசின் புனர்வாழ்வு முடித்து ஊர் திரும்பினார். திருமணமாகி ஒரு மகள் இருக்கிறாள். குடியில் கிடந்தவரை ஒரு சின்னச் சபை தூக்கி நிறுத்தியது. இப்போது ஞாயிறு ஆராதனையில் மன்றாட்டு நடத்துகிறார், சில வாரங்களில் பிரசங்கமும் செய்கிறார். ஓய்வுபெறப் போகும் சபைப் போதகர், பிலிமத்தலாவையிலுள்ள இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்படி இவரை வற்புறுத்துகிறார்.

பிரித்தானியாவில் இவருடைய பெரியம்மா மகன் இருக்கிறார். பிரித்தானிய இராணுவத்தில் காலாட்படை வீரராக ஆப்கானிஸ்தானில் சண்டையிட்டவர். பிறகு போதகராகி, இன்று அதே இராணுவத்தில் படைப் போதகராக இருக்கிறார். “சோல்ஜர்ஸ் என்னிடம் வந்து மனம் விட்டுப் பேசுவதே நானும் சுட்டவன் என்பதால்தான். நீயும் வா, உன்னைப் போன்ற ஆட்கள்தான் இதற்குத் தேவை” என்று அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம்.

ஆனால் கடிதம் எழுதிய தம்பிக்குத் தூக்கம் இல்லை. கனவு வருகிறது. பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டடச் சாரத்திலிருந்து இறங்கி ஓடத் தோன்றுகிறது. அதைவிடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. சபையில் ஒரு தாய் ஒவ்வொரு ஞாயிறும், காணாமற்போன தன் மகன் உயிரோடு திரும்பி வர மன்றாடும்படி இவரிடமே விண்ணப்பம் கொடுக்கிறார். சித்தி வீட்டில் தங்கிப் படிக்கக் கிளிநொச்சிக்குப் போன பையன். கடைசிக் காலத்தில் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு இவருடைய அணிக்கு வந்தான். இவர் அனுப்பிய நிலையில் இருந்தபோது ஷெல் விழுந்தது. மண் போட்டு மூடியவர் இவர்தான். அந்தத் தாயோ, சரணடைந்தவர்களோடு மகனையும் இராணுவம் வட்டுவாகலில் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக யாரோ சொன்னதை நம்பிக் காத்திருக்கிறார்.

கேட்கும் கேள்விகள் நான்கு. உயிர் எடுத்த நான் போதகராகலாமா? முழுநேர ஊழியத்துக்குப் போனால் கனவுகள் நின்றுவிடுமா? அண்ணாவைப் போல வெளிநாட்டில் படைப் போதகராகப் போக வழி உண்டா? அந்த அம்மாவிடம் சொல்வதா, விடுவதா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அந்தப் பையனைப் பற்றிய பகுதி கடைசி அரைப் பக்கத்தில்தான் வருகிறது. எனக்கோ முழுக் கடிதமும் அந்த அரைப் பக்கத்துக்காகவே எழுதப்பட்டதாகத் தெரிகிறது. அதற்குத்தான் நிறைய இடம் கொடுக்கப் போகிறேன். மற்றவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

ஊழியம் தூக்கத்துக்கு மருந்து ஆகாது

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விதமான காயம் தெரிகிறது. ஒன்று பயத்தின் காயம். சத்தம் கேட்டதும் உடம்பு தானாக ஓடப் பார்ப்பது, கெட்ட கனவு, எங்கே போனாலும் சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருவது எல்லாம் அதில் சேரும். உயிர் ஆபத்தில் நெடுங்காலம் இருந்த உடம்பு, ஆபத்து முடிந்த பிறகும் காவல் நிற்கிறது. இதற்கு மருந்தும் உளச்சிகிச்சையும் உண்டு, பலருக்கு நன்றாகவே பலன் தருகின்றன. செபக் குழுவில் ஒருவர் இதை ஆவியின் பிடி என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் அன்பினால் சொல்லியிருப்பார். ஆனால் இது ஆவி இல்லை. உபவாசம் இருந்து போகவில்லை என்பதால் உங்கள் விசுவாசம் குறைந்தது என்றும் ஆகாது.

இரண்டாவது மனச்சாட்சியின் காயம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களோடு நெடுங்காலம் வேலை செய்த ஜொனதன் ஷே என்ற மனநல வைத்தியர் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பயம் தணிந்த பிறகும் ‘நான் செய்தது’, ‘நான் தடுக்காமல் விட்டது’ என்ற எண்ணம் ஆளை உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். இதை மாத்திரை மட்டும் ஆற்றுவதில்லை. அதனால்தான் வெளிநாடுகளில் முன்னாள் படையினருக்கான வைத்தியசாலைகளில் உளவியலாளரும் போதகரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். உங்களுக்கும் இரண்டு பேரும் தேவை.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பணம் கட்டத் தேவையில்லை. இரவில் நிலைமை கைமீறினால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பாமசியில் நீங்களாக வாங்கும் தூக்க மாத்திரையை வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

உள்ளே ஆறாத காயத்தோடு மேடையில் நிற்பவர், மற்றவர்களின் துக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் தன் காயத்தையே தடவிக்கொண்டிருப்பார். ஒரு மரண வீட்டில் தாய் அலறும்போது உங்கள் உடம்பு எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். போதகருக்கு அது மாதத்தில் பலமுறை வரும் வேலை.

உயிர் எடுத்தவர் போதகராகலாமா?

நான் உளவளத்துணையாளர், இறையியல் படித்தவள் இல்லை. சபையில் வளர்ந்தவள் என்ற அளவில் சொல்கிறேன். யுத்தங்களில் மிகுந்த இரத்தம் சிந்தியதால் தாவீது ஆலயம் கட்டக்கூடாது என்று வேதாகமத்தின் நாளாகமத்தில் வருவதை எடுத்துக் காட்டி, அது எனக்கும் பொருந்தும்தானே என்று கேட்கிறீர்கள். ஆலயம் கட்டத் தடைபட்ட அதே தாவீதின் பெயரில் வரும் சங்கீதங்களைத்தானே நீங்கள் ஞாயிறுதோறும் வாசிக்கிறீர்கள்? ஒரு வசனத்தை மட்டும் எடுத்து உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஆதித் திருச்சபை இந்தக் கேள்வியை லேசாகக் கடந்துவிடவில்லை. 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசிலியார், போரில் கொல்வதை முன்னோர் கொலைக் குற்றத்தோடு சேர்க்கவில்லை என்று சொன்ன கையோடு, அப்படிக் கொன்றவர்கள் மூன்று வருடம் திருவிருந்திலிருந்து விலகியிருப்பது நல்லது என்றும் ஆலோசனை எழுதினார். எனக்கு அதில் படுவது இதுதான்: அவர் அவர்களைத் துரத்தவில்லை, ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே அழைக்கவும் இல்லை. காலம் கொடுத்தார்.

கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பவுலையும் பாருங்கள். தமஸ்குவில் மனம் மாறிய அவர் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் பயந்தார்கள், நம்பவில்லை. பர்னபா என்ற சீஷர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அவருக்காகப் பேச வேண்டியிருந்தது. உங்களுக்கும் ஒரு பர்னபா வேண்டும். உங்கள் முழுக் கதையும் தெரிந்த, சபைக்குள் மதிப்புள்ள ஒருவர். இன்றைக்கு உங்கள் போதகருக்கே நீங்கள் ‘முன்னாள் போராளி’ என்பது மட்டும்தான் தெரியும், மற்றது எதுவும் தெரியாது. அந்த அரைகுறை அறிவோடு அவர் தரும் சிபாரிசு உங்கள் இருவருக்குமே நியாயம் இல்லை.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு கதையையும் சொல்லவேண்டும். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. வானில் அந்தத் தாக்குதலை வழிநடத்தியவர் மிட்சுவோ ஃபுச்சிடா. நான்கு மாதம் முன்பு அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பர்மீதான தாக்குதலை நடத்தியவரும் அவரே. போர் முடிந்து சில வருடங்களில் அவர் கிறிஸ்தவராகி நற்செய்திப் பணிக்குப் போனார். அவர் மனத்தைத் திருப்பியவற்றுள் ஒன்று, ஜேக்கப் டிஷேசர் என்ற அமெரிக்கர் எழுதிய துண்டுப் பிரசுரம். டிஷேசர் 1942 ஏப்ரல் 18 அன்று ஜப்பான்மீது குண்டு போட்ட விமானமொன்றில் இருந்தவர். பிடிபட்டு 40 மாதம் சிறையில் வதைபட்டார். 1945இல் விடுதலையானதும் மேடை ஏறிவிடாமல் படிக்கப் போனார், 1948இல்தான் மிஷனரியாக அதே ஜப்பானுக்குத் திரும்பினார். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், ஆகலாம் என்பதுதான். போர்க்களத்திலிருந்து பிரசங்க பீடத்துக்குப் பாதை உண்டு. அது குறுக்குப் பாதை இல்லை.

ஃபுச்சிடாவிடமிருந்து ஓர் எச்சரிக்கையும் கிடைக்கிறது. போரைப் பற்றி அவர் சொன்ன பல விடயங்கள், முக்கியமாகப் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சமர் பற்றி எழுதியவை, சரியில்லை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் ஜப்பானிய ஆவணங்களை வைத்தே காட்டினார்கள். கூட்டம் கூட்டமாகச் சாட்சி சொல்லும்போது கதை மெல்ல வளரும். கேட்பவர்களுக்கும் அதுவே பிடிக்கும். ‘முன்னாள் போராளியின் சாட்சி’ என்று நோட்டீஸ் அடிக்க யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள்.

அண்ணாவின் பாதை

அண்ணா துப்பாக்கியை வைத்த கையோடு வேதாகமத்தை எடுத்தார் என்ற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நடைமுறை அப்படி இல்லை. பிரித்தானிய இராணுவம் யாரையும் போதகராக அபிஷேகம் பண்ணுவதில்லை. முதலில் ஒரு திருச்சபை ஆளைத் தேர்ந்து, வருடக்கணக்கில் படிப்பித்து, குருநிலை கொடுத்து, பொதுவாகச் சில வருடம் ஒரு சபையில் வேலை பார்க்க வைத்த பிறகே படைக்கு அனுப்பும். அங்கேயும் போதகர் ஆயுதம் ஏந்துவதில்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி அவர் போரில் பங்கெடுக்காதவர், அந்தப் பாதுகாப்பு உள்ளவர். உங்கள் அண்ணாவிடம் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள்: கடைசியாகச் சுட்ட நாளுக்கும் முதல் பிரசங்கத்துக்கும் இடையில் எத்தனை வருடம், அந்த வருடங்களில் யாரிடம் அழுதார் என்று. அவர் உங்களுக்குச் சொல்லவேண்டிய பகுதி அதுதான்.

நீங்கள் அங்கே போய் படைப் போதகராவது நடக்கக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை. குருநிலை, வயது, பாதுகாப்புச் சோதனை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிரித்தானியாவில் இயக்கம் 2001 முதலும் கனடாவில் 2006 முதலும் தடைசெய்யப்பட்ட அமைப்பு. விசா விண்ணப்பத்தில் இதை மறைத்தால் அது பொய், எழுதினால் அதன் விளைவு பெரிது. குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசாமல் ஒரு படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அண்ணா அதைக் கவனித்தாரோ தெரியாது. அவருடைய சபை துப்பாக்கி ஏந்தியவர்களின் சபை. அங்கே ‘நானும் சுட்டவன்’ என்பது ஒரு கதவைத் திறக்கும். உங்கள் சபையோ எல்லாத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் அகப்பட்டவர்களின் சபை. இராணுவத்திடம் பிள்ளையைக் கொடுத்தவர் ஒரு வாங்கில், இயக்கத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவர் அடுத்த வாங்கில். அங்கே அதே சொல் சிலருக்குக் கதவை மூடிவிடும்.

அதே நேரம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வேலைத்தலத்துக்குப் பழைய பெடியள் சிலர் வந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள் என்று. ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவர் மனைவியோடு பேசுவதே இல்லை. அண்ணா அங்கே சம்பளத்துக்குச் செய்யும் வேலையை நீங்கள் இங்கே சீமெந்துப் பையின் மேல் உட்கார்ந்து ஏற்கெனவே செய்கிறீர்கள். அதற்குக் கல்லூரிச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்த அம்மாவுக்கு

இனி முக்கியமான விடயம். “சொன்னால் அவர் உடைந்துபோவார், சொல்லாமல் விடுவதுதான் இரக்கம்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நிலை ஒருவரை ஒவ்வொரு நாளும் புதிதாக உடைக்கிறது. அழுது முடிக்கவும் முடியாது, நம்பி வாழவும் முடியாது. 2017இலிருந்து தெருவோரத்தில் படத்தோடு உட்கார்ந்த தாய்மார் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு துண்டு உங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ‘இவர் மகனைத் திருப்பி அனுப்பும்’ என்று உரத்து மன்றாடுகிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்து, சொல்லவேண்டும். நாளைக்கே ஓடிப்போய்ச் சொல்லவேண்டாம்.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அவருக்கு இந்தக் கதை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரில் இது வெளிவந்தால் உங்களோடு சேர்ந்து தாங்கப்போவது அவர்தான், அவர் கடைசியாக அறியக்கூடாது. பிறகு உளவளத்துணையாளர், பிறகு வழக்கறிஞர், பிறகு போதகர். இந்த வரிசையை மாற்றவேண்டாம்.

துணையாளரோடு உட்கார்ந்து, நீங்கள் கண்ணால் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஷெல் விழுந்த நேரத்து நினைவில் துண்டுகள் இடம் மாறியிருக்கும். முகம் கண்டீர்களா, உடுப்பைக் கண்டீர்களா? இடம் எது என்று எவ்வளவு உறுதியாகத் தெரியும்? உறுதி இல்லாததை ‘உறுதி இல்லை’ என்றே சொல்லவேண்டும். அந்த அம்மா நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் வருடக்கணக்கில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

சொல்லும் நாளில் தனியாகப் போகாதீர்கள், ஆலயத்திலும் வேண்டாம். அவர் வீட்டில், அவருடைய மகளோ சகோதரியோ பக்கத்தில் இருக்க, போதகரும் கூட வரட்டும். முதல் வசனமே செய்தியாக இருக்கக்கூடாது. ‘உங்கள் மகனைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு விடயம் இருக்கிறது. கேட்க விருப்பமா, இன்றைக்கா, இன்னொரு நாளைக்கா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது. கேட்க விரும்பினால் சுருக்கமாக, அலங்காரம் இல்லாமல் சொல்லுங்கள். அந்த நிலைக்கு அவனை அனுப்பியது நீங்கள் என்பதையும் விடாமல் சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால், இன்னொருவர் வாயால் அது வரும் நாளில் எல்லாமே பொய்யாகிவிடும்.

ஒன்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அதே இருப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள். ‘எனக்கு வருத்தம்’ என்று சொல்லலாம், சொல்லவேண்டும். ‘என்னை மன்னியுங்கள்’ என்பது அவரிடம் ஒன்றைக் கேட்பது. மகனின் சாவைக் கேட்ட அதே மணித்தியாலத்தில் அவர் உங்களுக்கு எதையும் தரக் கடமைப்பட்டவர் இல்லை. அவர் உங்களை ஏசலாம், நம்பாமல் விடலாம், வட்டுவாகல் பஸ்ஸையே தொடர்ந்து நம்பலாம், போராட்டத்துக்கும் போகலாம். ‘இனி மரணச் சான்றிதழ் எடுங்கள்’ என்று யாரும் அவரை நெருக்கக்கூடாது. உயிரிழந்தார் என்று ஒப்புக்கொள்ளாமலே, காணாமற்போனவர் என்று பதிந்து சான்றிதழ் பெறும் வழி 2016 முதல் சட்டத்தில் இருக்கிறது. எடுப்பதா விடுவதா என்பது அவருடைய முடிவு. அதற்குப் பிறகு அவர் சபையில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது என்று சொன்னால், விலகவேண்டியவர் நீங்கள். வேறொரு சபையில் ஆராதனைக்குப் போங்கள். அது அவருடைய ஆலயம்.

சட்டம் பற்றிச் சில வார்த்தைகள்

புனர்வாழ்வு முடித்தவரிடம் இனி யாரும் எதுவும் கேட்கமுடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி எண்ணவேண்டாம். புனர்வாழ்வுக்குப் பிறகும் விசாரிக்கப்பட்டவர்களும் கைதானவர்களும் உண்டு. கட்டாய ஆட்சேர்ப்பு, வயது குறைந்தவர் என்ற சொற்கள் வரும் கதை இது. திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருவார்கள். அந்த அம்மாவிடம் போகும் முன் அங்கே போங்கள். பாதுகாப்புத் தரப்பினரால் தொந்தரவு வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

‘போதகரிடம் சொன்னது வெளியே போகாது’ என்று அண்ணா சொன்னது அவருடைய படையின் வழக்கமாக இருக்கலாம். இங்கே வழக்கறிஞரிடம் நீங்கள் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, போதகரிடம் சொல்வதற்கு அதே மாதிரி இல்லை. உங்கள் போதகர் நல்லவர்தான். இருந்தாலும் அவரை ஒரு சிக்கலில் மாட்டிவிடாமலிருக்க, வழக்கறிஞர் முதலில் என்று சொன்னேன். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குத் தகவலை இரகசியமாகக் கொடுக்கவும் இடமுண்டு. பல குடும்பங்களுக்கு அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்பதும் உண்மை. கொடுப்பதா என்று வழக்கறிஞரோடு சேர்ந்து முடிவெடுங்கள். பிரசங்கத்தில் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். எல்லோர் கையிலும் கமரா இருக்கிறது.

பிலிமத்தலாவை விண்ணப்பத்தை இந்த வருடம் ஒத்திவையுங்கள் என்பது என் ஆலோசனை. உபதேசியாராக, சபை அனுமதிக்கும் அளவில் இருங்கள். சிகிச்சை ஓடட்டும், அந்த வீட்டுக்குப் போய் வந்ததன் பின்விளைவு தெரியட்டும். அதற்குப் பிறகும் அழைப்பு உள்ளே நிற்குமானால், எல்லாம் தெரிந்த ஒரு போதகரின் கையெழுத்தோடு விண்ணப்பியுங்கள்.

இந்த ஞாயிறு அந்த அம்மா மறுபடியும் சீட்டைத் தருவார். ‘திருப்பி அனுப்பும்’ என்று இனிச் சொல்லாதீர்கள். ‘ஆண்டவரே, இந்தத் தாயின் தேடலில் கூட இரும், உண்மை அவருக்குக் கிடைக்கட்டும்’ என்று மன்றாடலாம். அதில் பொய் இல்லை. அதுவும் வாயில் வராது என்றால், உடம்பு சரியில்லை என்று போதகரிடம் சொல்லி அந்தப் பகுதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய்ப் பதியுங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.